இரண்டு அங்குலம்

ஜூலியா க்ரீக்
ஏப்ரல் 11

மர்ரே,

போனில்தான் கேட்கலாம் என்று நினைத்தேன். கடைசியாகப் பேசியது ஞாபகத்துக்கு வந்தது. நீ கத்தினாய், நான் கத்தினேன், யார் முதலில் போனை வைத்தது என்பதில்கூட நமக்குள் ஒற்றுமை இல்லை. காகிதம் என்றால் நீ கத்துவது எனக்குக் கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு உன் இரும்பு ஸ்டாண்டுகள் நான்கும் டிராலி ஜாக்கியும் ஒரு மாதத்துக்கு வேண்டும். போல்ட்டை அளவாக முறுக்க டார்க் ரெஞ்சும். விவாகரத்தில் வண்டி எனக்கு, கருவிகளெல்லாம் உனக்கு என்று பிரித்தார்களே, அந்தப் புத்திசாலித்தனத்தை இப்போது அனுபவிக்கிறேன். வண்டியைத் தூக்கி நிறுத்த இங்கே உருப்படியாக எதுவும் இல்லை.

எதற்கு என்று கேட்பாய். போன வருஷம் ஜூலையில் வழக்கம்போல ப்ரோல்கா பிளெயின்ஸ் பண்ணைக்குப் போனேன். பெருமழையில் தடம் கெட்டுவிட்டது. டயர் ஓடும் இடம் இரண்டும் பள்ளமாகிவிட்டன, நடுவில் மண்மேடு. வண்டி வயிறு மேட்டில் உட்கார்ந்துகொண்டது, சக்கரம் நான்கும் சும்மா சுற்றின. பண்ணை ஆட்கள் வந்து பின்னாலிருந்து இழுத்தார்கள். கேலம் இருக்கும் இடத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போதே திரும்பி வந்தேன். ஐந்து வருஷத்தில் அவனைப் பார்க்காமல் திரும்பியது அதுதான் முதல் தடவை.

இந்த வருஷம் அது நடக்கக் கூடாது. இரண்டு அங்குலம் தூக்கிவிட்டால் வயிறு தட்டாது என்று பண்ணை மேனேஜரே சொன்னார். லிஃப்ட் கிட் வாங்கிவிட்டேன். புது சுருள் ஸ்பிரிங் நான்கு, ஷாக் அப்சார்பர் நான்கு, சாப்பாட்டு மேசைக்கு அடியில் கிடக்கின்றன. இங்கே ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் மாடு ஓட்டும் காலம் முடிந்து செப்டம்பரில் பார்க்கலாம் என்கிறார். எனக்கு ஜூலைக்கு வேண்டும். நானே செய்யப் போகிறேன்.

வியாழக்கிழமை லாரியில் போட்டு அனுப்பு.

லியோனி

•

போவன்
ஏப்ரல் 23

லியோனி,

அனுப்ப முடியாது.

வண்டியை இங்கே கொண்டு வா. நான் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப்பில் ஹாய்ஸ்ட் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் வண்டி தலைக்கு மேலே போய்விடும். நின்றுகொண்டே வேலை பார்க்கலாம். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன். நீ என்னோடு பேசக்கூட வேண்டாம், எதிரே டீக்கடையில் உட்கார்ந்திரு.

இல்லையென்றால் இந்த வருஷம் போகாதே. அங்கே போய் என்ன பார்க்கப் போகிறாய்? மூன்று மரம், ஒரு இரும்புக் குழாய். அவன் அங்கே இல்லை. இதை நான் ஆறு வருஷமாகச் சொல்கிறேன். நீ அதற்காகவே ஆறு வருஷமாக என்னைக் கரித்துக்கொட்டுகிறாய்.

நீ ஒரு டயர்கூட மாற்றியது இல்லை.

மர்ரே

•

ஜூலியா க்ரீக்
ஏப்ரல் 30

மர்ரே,

நீ இருந்தவரை நான் டயர் மாற்றியது இல்லை, உண்மைதான். வீட்டில் அதற்கு இரண்டு ஆண்கள் இருந்தார்கள். இப்போது ஒருவரும் இல்லை. போன மழைக்காலத்திலேயே நானே ஒன்று மாற்றினேன், உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது.

அங்கே என்ன பார்ப்பேன் என்று கேட்டாய். சொல்கிறேன். முதல் வருஷம் ஹெலிகாப்டர் விழுந்து எரிந்த இடத்தில் கருகிய புல்லைப் பார்த்தேன். இரண்டாவது வருஷம் அந்தப் புல் திரும்ப முளைத்திருந்தது. பண்ணை ஆட்கள் மாட்டுத் தொழுவக் குழாயை வெட்டிச் சிலுவையாக வெல்டிங் வைத்து நட்டிருந்தார்கள். அதில் அவன் பெயரை எழுத்து எழுத்தாக இரும்பில் பதித்திருந்தார்கள். கேலம். ஹெலிகாப்டரில் பறந்து மாடு ஓட்டுபவன் என்று அதற்குக் கீழே. அவனோடு ஆறு மாதம் மட்டுமே வேலை செய்தவர்கள் அவர்கள். பெற்ற அப்பன் நீ அந்தப் பெயரை வாயால் சொல்லியே ஆறு வருஷம் ஆகிறது. கடிதத்தில்கூட ‘அவன்’ என்றுதானே எழுதியிருக்கிறாய். அவனுக்குப் பெயர் உண்டு மர்ரே. நாம்தான் வைத்தோம்.

வண்டியை ஓட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்து உன் எதிரே டீ குடித்துக்கொண்டு உட்கார எனக்கு இஷ்டமில்லை. நீ அனுப்பாவிட்டால் போ. பக்கத்து வீட்டு பெவ் சுற்றுச்சுவர் கட்டியது போக ஹாலோ பிளாக் மிச்சம் வைத்திருக்கிறாள். அதை அடுக்கி வண்டியை நிறுத்திக்கொள்கிறேன். தூக்குவதற்கு உன்னுடைய அந்த ஆள் உயர ஜாக்கி இங்கேயே கிடக்கிறது, நீ எடுத்துப்போக மறந்துவிட்டாய். அது போதும்.

லியோனி

•

போவன்
மே 6

லியோனி,

ஹாலோ பிளாக்கைத் தொடாதே. இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் நீ தொடங்கியிருந்தால், இதைப் படித்த கையோடு வெளியே வந்துவிடு.

அந்தக் கல் சுவர் கட்டுவதற்கு. பாரம் முழுக்க ஒரு மூலையில் உட்கார்ந்தால் விரிசல் விட்டு உனக்கு நேரம் கொடுக்காது, ஒரேயடியாகப் பொடியாகும். ஆள் உயர ஜாக்கி சேற்றில் மாட்டிய வண்டியைக் கிளப்புவதற்கு. அதில் தூக்கிய வண்டிக்கு அடியில் விரலைக்கூட வைக்காதே.

ஸ்டாண்டு நான்கு, டிராலி ஜாக்கி, டார்க் ரெஞ்ச், பெரிய கடப்பாரை, கண்ணில் தூசி விழாமல் இருக்கக் கண்ணாடி, எல்லாம் வியாழக்கிழமை லாரியில் வருகின்றன. உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா. நான் முடியாது என்று சொல்லியிருக்கவே கூடாது, சொன்னால் நீ இரண்டு மடங்கு வேகமாகச் செய்வாய்.

இப்போது நான் சொல்வதை அப்படியே செய். குறுக்கு வழி வேண்டாம்.

கார்ஷெட் தளத்தில் மட்டும் செய். நான் போட்ட தளம், ஒரு வண்டியை நன்றாகவே தாங்கும். மண்ணில் செய்யாதே, ஜாக்கியின் சின்னச் சக்கரங்கள் இறங்கிவிடும். துணைக்கு ஒருத்தர் இல்லாமல் தொடங்காதே. உதவிக்கு அல்ல, ஏதாவது ஆனால் ஓடிப்போய் ஆளைக் கூப்பிடுவதற்கு. முதல் கியரில் போடு. ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழு. வீல் நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச் சுற்று இளக்கிக்கொள். அந்தரத்தில் வைத்துக்கொண்டு ஸ்பானர்மேல் ஏறி மிதித்தால் வண்டியே சரியும்.

ஜாக்கி போடுவதற்கு முன்னால் ஸ்டெப்னியைக் கழற்றி, தூக்கப்போகும் பக்கத்தில் சேசிஸுக்கு அடியில் படுக்கவைத்துத் தள்ளிவிடு. இது என்ன கிறுக்குத்தனம் என்று நீ முனகுவது எனக்கு இங்கேயே கேட்கிறது. முனகிக்கொண்டே செய். எல்லாம் கைவிட்டாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும், உன்மேல் உட்காராது.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். எண்ணெய் எப்போது வேண்டுமானாலும் கசியும், மெல்லத் தாழும். தூக்கியவுடனே சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வை. இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். இரண்டும் வைத்துப் பாரம் இறங்கிய பிறகு வெளியே நின்றுகொண்டு இடுப்பால் வண்டியை இடி. பலமாக இடி. விழுவதாக இருந்தால் நீ வெளியே நிற்கும்போதே விழட்டும். அசையவில்லை என்றால்தான் அடியில் போ.

ஷாக் அப்சார்பரைக் கழற்றியதும் ஆக்ஸில் கீழே தொங்கும். ஜாக்கியை ஆக்ஸிலுக்கு முட்டுக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு. பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இரு. ஸ்பிரிங் தானாகத் தளர்ந்து கையோடு வரும். ஸ்பிரிங்கை நெருக்கிப் பிடிக்கும் கருவி என்று யாராவது கொடுத்தால் வாங்காதே, இந்த வண்டிக்கு அது தேவையில்லை, தெறித்தால் முகம் போய்விடும். புது ஸ்பிரிங் நீளம் அதிகம், எளிதில் உட்காராது. கடப்பாரையால் நெம்பி உட்காரவை. அடிக் கிண்ணத்தில் அதன் நுனி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார். ரப்பர் இருக்கும் போல்ட்டுகளை அந்தரத்தில் முழுக்க இறுக்காதே. சக்கரம் மாட்டி, வண்டி தன் பாரத்தோடு தரையில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு.

முதலில் முன்பக்கம் முடி. ஒரு நாள் ஓய்வெடு. பிறகு பின்பக்கம். களைப்போடு செய்யாதே.

முடித்ததும் ஒரு வரி எழுது.

மர்ரே

•

ஜூலியா க்ரீக்
ஜூன் 8

மர்ரே,

முன்பக்கம் முடிந்தது.

நீ எழுதிய கடிதத்தைக் கார்ஷெட் தூணில் ஒட்டிவைத்துக்கொண்டேன். பெவ் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பூசணி ஸ்கோன் பன் தின்றுகொண்டே ஒவ்வொரு வரியாக வாசித்தாள். வேதபாடம்போல நடந்தது.

“ஏன்டி லியோனி, வண்டிக்கு அடியில படுத்து உருளணும்னு இந்த வயசுல உனக்கு என்ன தலையெழுத்து?” என்றாள்.

“பேசாம அடுத்த வரியப் படி.”

“‘இடுப்பால் வண்டியை இடி’ன்னு எழுதியிருக்கான். எழுதினது உன் பழைய புருஷனா, இல்ல பப்ல ஆடுறவனா?”

நான் இடித்தேன். அவளும் எழுந்து வந்து இடித்தாள். அவள் இடுப்பு என்னுடையதைப்போல இரண்டு மடங்கு. வண்டி அசையவே இல்லை.

ஸ்டெப்னி விஷயத்தில் நான் முனகியது உண்மை. அதைக் கழற்றி உருட்டித் தள்ளுவதற்குள் முதுகு போய்விட்டது. அது சும்மாவே கிடந்தது. ஆனாலும் செய்தேன்.

ஷாக்கின் ஒரு நட்டு துருப்பிடித்து இறுகிக்கிடந்தது. எண்ணெய் ஊற்றிவிட்டு இரவு முழுக்க விட்டேன். காலையில் ஸ்பானரில் குழாயைச் செருகிப் பெவ்வும் நானும் தொங்கினோம். ‘கிறீச்’ என்று அது இளகியபோது அவள் சத்தியமாகக் கைதட்டினாள். ஸ்பிரிங் நீ சொன்னதுபோலக் கையோடு வந்தது. புதியது உட்கார மறுத்து அரை நாள் என்னோடு மல்லுக்கட்டியது. கடப்பாரையால் நெம்பி உட்காரவைத்த நிமிஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏனென்று தெரியவில்லை. அவன் இருந்திருந்தால் “அம்மா, தள்ளு” என்று ஒரு நொடியில் போட்டிருப்பான்.

வண்டி இப்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நாளை ஓய்வு. நாளை மறுநாள் பின்பக்கம்.

நன்றி என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

லியோனி

•

ஜூலியா க்ரீக்
ஜூன் 11

மர்ரே,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

வண்டி விழுந்துவிட்டது.

நீ சொன்னபடிதான் செய்தேன். முதல் கியர். ஹேண்ட்பிரேக்கை அது முனகும்வரை இழுத்தேன். ஸ்டெப்னியைத் தள்ளினேன். பின் ஆக்ஸிலில் வலது பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கினேன். சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. ஸ்டாண்டை வைக்க முட்டி போட்டுக் கையை உள்ளே விட்டேன். வண்டி தானாக நகர்ந்தது. சத்தமே இல்லை மர்ரே. யாரோ மெல்லத் தள்ளியதுபோலத் தெருப்பக்கம் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்தது. ஸ்டெப்னிமேல் உட்கார்ந்தது.

என் கை ஸ்டாண்டுக்கும் ஸ்டெப்னிக்கும் நடுவே. மணிக்கட்டு முறிந்துவிட்டது, இரண்டு விரலும். வேறு ஒன்றும் இல்லை. ஸ்டெப்னி அங்கே இல்லாவிட்டால் தோள்வரை போயிருக்கும், தலையும் அங்கேதான் இருந்தது. பெவ் கத்தியது ரயில்வே ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும். மவுன்ட் ஐஸா ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பெவ்வும் படித்தாள். ஒன்றுகூட விடவில்லை. முன்பக்கம் அசையாமல் நின்ற அதே வண்டி. பிறகு ஏன் நகர்ந்தது? எனக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இனி அதன் பக்கத்தில் போக எனக்குத் தைரியம் வராது.

ஜூலைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

லியோனி

•

போவன்
ஜூன் 16

லியோனி,

உன் கடிதத்தை ஒர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டு படித்தேன். முடிக்கும்போது பக்கத்தில் இருந்தவன் என்னை நாற்காலியில் உட்காரவைத்தான்.

ஏன் நகர்ந்தது என்று கேட்டாய். கடிதத்தில் நீ எதையும் விடவில்லை. நான்தான் விட்டேன்.

இந்த வண்டியின் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர் பெட்டிக்குப் பின்னால் ஓடும் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின்சக்கரம் இரண்டும் தரையில் இருக்கும்வரை வண்டி அசையாது. அதனால்தான் முன்பக்கம் தூக்கியபோது உங்கள் இருவர் இடுப்புக்கும் அது மசியவில்லை. பின்னால் ஒரு சக்கரத்தைத் தூக்கிவிட்டால் கதையே வேறு. தூக்கிய சக்கரம் காற்றில் ஒரு பக்கம் சுற்றும், தரையில் இருப்பது மறுபக்கம் உருளும், ஷாஃப்ட் அசையாமலே வண்டி போய்விடும். முதல் கியரும் அதே ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. அதற்கும் பயனில்லை. மழைத்தண்ணீர் ஓடட்டும் என்று நானே அந்தத் தளத்துக்குத் தெருப்பக்கமாக வாட்டம் கொடுத்தேன்.

அதனால் முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போட வேண்டும். கட்டை போடாமல் இந்த வண்டியில் ஜாக்கியையே எடுக்கக் கூடாது. எனக்கு இது தெரியும். என் பெயரைப்போலத் தெரியும். ஸ்டெப்னி எழுதினேன், வீல் நட்டு எழுதினேன், கண்ணாடிகூட அனுப்பினேன். கட்டையை எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்று நேற்று முழுவதும் யோசித்தேன். முப்பது வருஷம் மெக்கானிக்காக இருப்பவன் எப்படி மறப்பான்? மறக்கவில்லை லியோனி. அந்த வண்டிக்கு நான் ஒரு தடவைகூடக் கட்டை போட்டதில்லை.

அது கேலமின் வேலை.

அந்த வண்டி வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு ஆறு வயது. எதையாவது செய்யவிடு என்று காலைச் சுற்றிக்கொண்டே நின்றான். ரயில்வேக்காரர்கள் போட்டுவிட்டுப் போன ஸ்லீப்பர் கட்டையை அறுத்து, ஆப்பு மாதிரி செதுக்கி, இரண்டையும் ஒரு கயிற்றில் கட்டிக் கொடுத்தேன். இந்த வண்டிக்கு ஹேண்ட்பிரேக் ஒரு பொய், நீ போடும் கட்டைதான் உண்மை, நீ சொல்லும்வரை அப்பா ஜாக்கியைத் தொடமாட்டேன் என்று சொன்னேன். ஒரு குழந்தைக்கு முக்கியத்துவம் கொடுப்பதற்காகச் சொன்னது. அவன் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டான். கட்டையைக் காலால் உதைத்து இறுக்கிவிட்டு, வண்டியைச் சுற்றி வந்து, “அப்பா, கட்டை போட்டாச்சு, தூக்கலாம்!” என்பான். அதைக் கேட்ட பிறகுதான் என் கை ஜாக்கிக்குப் போகும். மீசை முளைத்த பிறகும் அப்படித்தான். லைசென்ஸ் வாங்கி ஹெலிகாப்டர் ஓட்டப் போன பிறகும், லீவுக்கு வந்தால் கட்டை அவன்தான்.

அவன் போன பிறகு நான் ஜாக்கியைத் தொடவில்லை. இங்கே ஹாய்ஸ்ட் இருக்கிறது, தொடத் தேவையில்லை. உனக்கு எழுத உட்கார்ந்தபோது, கண்ணை மூடிக்கொண்டு நான் செய்வதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துத்தான் எழுதினேன். நான் செய்ததெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. அவன் செய்தது மட்டும் இல்லை.

அந்தக் கட்டைகள் இங்கேதான் இருக்கின்றன. கருவிகளோடு வந்துவிட்டன. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகின்றன. அந்தக் கதவை நான் எப்போதும் திறந்தபடியே வைத்திருப்பேன், பின்பக்கம் கண்ணில் படக் கூடாது என்று. நேற்றுதான் மூடிப் பார்த்தேன். ஸ்டாண்டோடு அதையும் அனுப்பியிருந்தால் உன் கை முறிந்திருக்காது.

அவன் அங்கே இல்லை என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். எங்கே இருக்கிறான் என்று எனக்கும் தெரியவில்லை. என் கடிதத்தில் இருந்த ஓட்டையில்தான் இருந்தான்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. வண்டியைத் தொடாதே. யாரையும் தொடவிடாதே.

மர்ரே

•

ஜூலியா க்ரீக்
ஜூன் 20

மர்ரே,

நீ அவன் பெயரை எழுதியிருக்கிறாய். அந்த வரிக்கு வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்து மறுபடி பார்த்தேன். இருந்தது.

அந்தச் சத்தம் எனக்கு ஞாபகம் இல்லை என்று நினைத்தாயா? சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரேதான் கார்ஷெட். “கட்டை போட்டாச்சு” என்று கேட்டால், இன்னும் ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் சாப்பிட வரப்போவதில்லை என்று அர்த்தம். அடுப்பைத் தணித்துவிடுவேன். எத்தனை தடவை எரிச்சலோடு தணித்திருக்கிறேன். ஆனால் அவன் எதைப் போட்டான், எதற்குப் போட்டான் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு அது உங்கள் விளையாட்டு. நானும்தானே அந்தச் சத்தத்தைக் கேட்டேன், ஜாக்கியைப் பிடித்தபோது எனக்கு மட்டும் தோன்றியிருக்க வேண்டாமா? ஆகவே பழியை நீ மட்டும் அள்ளிக்கொள்ளாதே, உனக்கு எப்போதும் அந்தப் பேராசை உண்டு.

ஆறு வருஷம் நீ கல்லாகிவிட்டாய் என்று நினைத்தேன். துக்கம் எனக்கு மட்டும்தான், உனக்கு ஹாய்ஸ்ட் பட்டன் போதும் என்று நினைத்தேன். பெவ்விடம் அப்படியே சொல்லியும் இருக்கிறேன். உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்துபோய்க் கெட்டிலை வைத்தாள். தண்ணீர் கொதித்ததும், “அந்த மனுஷன வரச் சொல்லு லியோனி,” என்றாள்.

வரச் சொல்கிறேன். எனக்கு ஒரு கைதான் இருக்கிறது. வண்டி இன்னும் ஸ்டெப்னிமேல்தான் சாய்ந்து நிற்கிறது, மூக்கு மேலே, பின்பக்கம் கோணலாக. யாரையும் தொடவிடவில்லை. சனிக்கிழமை புறப்பட்டு வா. கேலமின் அறையில் படுத்துக்கொள்ளலாம், கட்டில் இருக்கிறது. கட்டைகளைக் கொண்டு வா.

வேலையை முடித்துவிட்டுத் திரும்பிப் போவதானாலும் சரி. ஜூலையில் என்னோடு வருவதானாலும் சரி. நான் கேட்கமாட்டேன். கேட்டால் கத்துவோம்.

லியோனி

•

போவன்
ஜூலை 19

லியோனி,

நேற்று இரவு வந்து சேர்ந்தேன். உன் வீட்டில் அத்தனை நாள் இருந்தேன், வண்டியில் பக்கத்திலேயே உட்கார்ந்து அவ்வளவு தூரம் போய் வந்தேன், பேச வேண்டியதைப் பேசவில்லை. காகிதம்தான் நமக்குச் சரிப்பட்டு வருகிறது.

அங்கே போனதும் நான் வண்டியைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். நீ “இறங்கு” என்று சொல்லவில்லை. கதவை மட்டும் திறந்து வைத்துவிட்டுப் போனாய். அதற்கு நன்றி. சொல்லியிருந்தால் நான் இறங்கியிருக்கமாட்டேன். பிறகு நானாக வந்தேன். அந்த இரும்பு எழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் சுட்டது. வெல்டிங் நன்றாக வைத்திருக்கிறார்கள், ஒரு இடத்திலும் விட்டுப்போகவில்லை. அதைத்தான் உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய். பிறகு இருவரும் அழுதோம்.

மண்மேட்டில் வண்டி வயிறு தட்டவே இல்லை. நடுவில் இருந்த புல் மட்டும் அடியில் உரசியது. நீ செய்த முன்பக்கத்தை நான் பிரித்துப் பார்த்தேன், உனக்குத் தெரியாமல். எல்லா போல்ட்டும் சரியான முறுக்கில் இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் என்னோடு வேலை செய்கிறவன்கூட இதைவிட நன்றாகச் செய்திருக்கமாட்டான்.

இப்போது எழுத வந்தது வேறு. திரும்பும்போது பின்டயர் பஞ்சர் ஆனதே, அந்த வறண்ட ஓடைக்கரையில். ஸ்டெப்னியைக் கழற்றினேன், ஜாக்கியை எடுத்து வைத்தேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். “என்ன, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?” என்று கேட்டாய். ஆமாம் என்று சொன்னேன். பொய். என் கை நகரவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் அது நகராது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆறு வருஷமாக நான் ஜாக்கியைத் தொடாமல் இருந்தது ஹாய்ஸ்ட் இருந்ததால் அல்ல.

உன் வீட்டில் வேலை செய்த அன்று பெவ் கட்டையைப் போட்டுவிட்டு ஊரே கேட்கும்படி ஏதோ ஜோக் அடித்தாள், அந்தச் சத்தத்தில் எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். ஓடைக்கரையில் நாம் இரண்டு பேர் மட்டும். ஒரு பறவை சத்தம்கூட இல்லை.

நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டே முன்னால் போனாய். கயிற்றை இழுத்துக் கட்டைகளைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் போட்டாய். பூட்ஸ் காலால் ஒன்றொன்றாக உதைத்து இறுக்கினாய். வண்டியைச் சுற்றி வந்தாய். அவன் வருவதுபோலவே, ஓட்டுநர் பக்கமாக.

“கட்டை போட்டாச்சு. தூக்கலாம்,” என்றாய்.

தூக்கினேன்.

கட்டைகளை உன் வண்டியிலேயே விட்டு வந்திருக்கிறேன், பின்சீட்டுக்கு அடியில் பார். ஸ்டாண்டும் ஜாக்கியும் கார்ஷெட்டிலேயே இருக்கட்டும், வக்கீலிடம் சொல்லாதே. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும், எல்லா போல்ட்டையும் ஒரு தடவை முறுக்கிப் பார்க்க வேண்டும். கை சேரும்வரை நீ செய்யாதே, அடுத்த மாதம் நான் வருகிறேன்.

ஜாக்கி நான் போடுகிறேன். நீ சொன்ன பிறகுதான் தூக்குவேன்.

மர்ரே